கெலியோ பொம்பரோ

எங்கள் மகளுக்கு இராணுவ விமானம் செய்யும் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். பொறியியல் படித்து உழைக்கிறவள், என்னிடம் கேட்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் "அம்மா ஓம் எண்டாத்தான் போவன்" என்று வந்து நின்றாள். இந்த நல்லபிள்ளைத்தனம்தான் எனக்கு எரிச்சல். தானே முடிவெடுத்திருந்தால் நானும் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றுவிட்டு, லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டின் பின்வளவில் உடுப்புக் காயப்போடப் போனேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் வளர்ந்த எங்களுக்குச் சத்தத்தை வைத்தே வருவது எது என்று தெரியும். ஹெலிகொப்டரை நாங்கள் கெலி என்போம். கெலி சுட வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். அது சுற்றச் சுற்ற நாங்களும் சுவரைச் சுற்றவேண்டும். குண்டு போடும் விமானம்தான் பொம்பர். அது வந்தால் சுவர் உதவாது, நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் ஓடவேண்டும். மாற்றிச் செய்தால் செத்தோம். லண்டனில் எத்தனை வருடம் இருந்தாலும் இந்தப் பழக்கம் கால்களை விட்டுப் போவதில்லை.

கேட்டது கெலி. என் கால் தானாகவே ஷெட் சுவரோரம் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால், விமானம் போல இறகு வைத்த ஒன்று, இறகின் இரண்டு நுனியிலும் பெரிய காற்றாடிகளோடு கூரைகளுக்கு மேலே மெல்ல வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றாடிகள் முன்பக்கம் சரிந்தன. கெலிச் சத்தம் போய் விமானச் சத்தம் வந்தது. சுவரை விட்டு வீட்டுக்குள் ஓடப் பார்த்தேன், பாதியில் திரும்பினேன், பிறகு ஈரப் பெட்சீற்றோடு புல்லில் குந்திவிட்டேன். அது தன்பாட்டில் போய்விட்டது.

"என்ன, புல்லுக்கோ பெட்சீற் விரிக்கிறாய்?" என்று கதவடியில் நின்று இவர் பகிடி விட்டார். என் முகத்தைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்து எழுப்பினார்.

மகளும் மேல் ஜன்னலால் பார்த்திருக்கிறாள். இறங்கி வந்து, "அம்மா, எனக்குக் கிடைச்ச வேலையும் இந்த மாதிரி ஒண்டிலைதான்" என்றாள்.

எனக்கு அடக்கமுடியவில்லை. "கெலி எண்டாக் கெலியா இருக்கவேணும், பொம்பர் எண்டாப் பொம்பரா இருக்கவேணும். இதென்ன ரெண்டுங்கெட்டான் சாமான்?"

அவள் கோபிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, சமையலறையில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். கைதான் இறகாம், பொத்திய விரல்கள் எஞ்சினாம். பெருவிரல்கள் மேலே பார்த்தால் ஓடுபாதை வேண்டாம், நேரே எழும்பும், இறங்கும். எழும்பியபின் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குச் சரிக்கவேண்டும். வேகம் பிடித்ததும் பாரத்தை இறகு தாங்கிக்கொள்ளும், காற்றாடி இழுத்துக்கொண்டு போகும். இறங்கும்போது திரும்பவும் நிமிர்த்தாவிட்டால் காற்றாடியின் நீளமான தகடுகள் நிலத்தில் அடித்து உடைந்துவிடுமாம். கண்ணெல்லாம் மின்னச் சொன்னாள். எனக்கு அந்தச் சந்தோசம் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம்.

"ஒரு பக்கத்து எஞ்சின் நிண்டு போனா?" என்று இவர் கேட்டார்.

"இறகுக்குள்ளாலை ஒரு தண்டு ஓடுது அப்பா. மற்ற எஞ்சின் அதாலை ரெண்டு காற்றாடியையும் சுத்தும். அந்தத் தண்டையும் கியரையும் சோதிக்கிறதுதான் என்ரை வேலை. உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் விழக்கூடாதெல்லோ."

"கீழை நிக்கிற ஆக்களுக்கு?" என்றேன்.

அவள் கைகளைத் தாழ்த்தினாள். "அவைக்கு அதிலை ஒண்டும் இல்லை அம்மா" என்றாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. நான்தான் அப்படி வளர்த்தேன்.

வியாழன் மாலை சொன்னேன். "போ பிள்ளை. ஆனா அதைப் பற்றி என்னட்டை ஒரு சொல்லும் கதைக்காதை."

"ஓம் அம்மா" என்றாள்.

இப்போது அவள் வேலை நடக்கும் ஊரிலேயே அறை எடுத்து இருக்கிறாள். ஞாயிறில் வருவாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். வேலையில் ஏதோ பரிசோதனை சரிவந்திருக்கவேண்டும், போனமுறை வாசலுக்குள் வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. என்ன நடந்தது என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை அம்மா" என்றாள், கறிச்சட்டியைத் திறந்து பார்த்தாள், பிறகு வெதரைப் பற்றிக் கதைத்தாள்.