தண்ணீர்த் தொட்டியில் ஒரு குமிழி

கூடலூரில் ஈஸ்வரபாண்டியின் ரேடியேட்டர் கடையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குமுளி மலை ஏறிக் கொதித்து நிற்கும் ஜீப்புகளைத் தணித்தே இருபது வருடம் ஓட்டிய மனிதர். ஆறு மாதமாக அவருக்குச் சுத்தமாக இருப்புக் கொள்ளவில்லை. காரணம், அவர் சொந்தமாகச் செய்துகொண்டிருந்த ஒரு ரோட்டரி என்ஜின்.

ஏலக்காய்த் தோட்டத்தில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மெஷினுக்கு அது. தேங்காய் அளவுதான், ஆனால் சூடு இருக்கிறதே, அப்பப்பா! பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணமாக ஒன்று உள்ளே சுழலும். நெருப்பு எப்போதும் தீப்பொறி தரும் பிளக் இருக்கும் பக்கத்தில் மட்டுமே எரியும். பாண்டியோ ஜீப் பழக்கத்தில் தண்ணீரைச் சுற்றிலும் சமமாக ஓட விட்டார். சூடான பக்கம் மட்டும் வீங்கி, என்ஜினை மூடிய உலோக உறையே கோணிக்கொண்டது. இரண்டாவது உறைக்கும் அதே கதி.

“தின்ன சோறு ஒடம்புல ஒட்டுதா? ராப்பகலா அந்தச் சனியனையே கட்டிக்கிட்டு அழுங்க!” என்று மனைவி விஜி திட்டாத நாளில்லை. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடைக்கு ஓடுகிறவரை வேறென்ன செய்வது?

மூன்றாவது உறையில், தண்ணீர் முதலில் பிளக் பக்கம் பாய்ந்து, பிறகு மற்ற பக்கம் போகும்படி வழியை மாற்றினார். எஸ்டேட் மேலாளர் கிங்ஸ்லி பார்க்க வந்தார். இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் நாற்பது மெஷினுக்கு ஆர்டர். இல்லையென்றால் வேறு ஆள்.

ஓடியது. அடடா, என்ன ஓட்டம்! பாண்டி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனபோது என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஒரு குமிழி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ரேடியேட்டர்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா? உள்ளே கீறல் விட்டு, புகை தண்ணீரில் ஏறுகிறது. கிங்ஸ்லி கவனிக்கவில்லை. பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டால் போதும். பாண்டி கையை நீட்டினார். சுவிட்சை அணைத்துவிட்டார்.

“ஏன் பாண்டி, நல்லாத்தானே ஓடுச்சு?”

“உள்ள விரிசல் சார். தோட்டத்துல வெடிச்சா கொதிக்கிற தண்ணி முதுகுல கொட்டும்.”

கிங்ஸ்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

“பத்தே நிமிசம்! ஆறு மாசம் கெடந்து அல்லாடுன மனுசனுக்குப் பத்து நிமிசம் பொறுக்க முடியலையா?” விஜிக்கு அழுகையே வந்துவிட்டது.

என்ஜின் ஆறியதும் பாண்டி உறையைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பிளக் துளையிலிருந்து மயிரிழையாக ஒரு கோடு. விஜி அதை விரலால் தடவினாள். அவள் தம்பி மதன்குமார் அந்த எஸ்டேட்டில்தான் மருந்தடிக்கிறான்.

“மொத மெசின அவன் முதுகுலயா மாட்டியிருப்பாக?”

“ஆமா. மாமன் செஞ்சது, மொத மெசினு எனக்குத்தான்னு சொல்லி வச்சிருந்தான்” என்றார் பாண்டி.