கமலை மாடுகள் தூக்கிய லாரி

வெள்ளைத்தாய் கமலை ஓட்டுகிறாள் என்பது கொஞ்ச நாள் ஊரில் பெரிய பேச்சாக இருந்தது. புருஷன் செல்லப்பாண்டி கிணற்றுப் படியில் வழுக்கித் தோள்பட்டை இறங்கிக் கிடந்த சமயம். மிளகாய்ச் செடிகள் வாடிக்கொண்டிருந்தன. கூலிக்கு ஆள் தேடி அலுத்துப்போனவள், ஒரு நாள் காலையில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தானே கமலை வடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து தோல்சால் நிறையத் தண்ணீர் மேலே வந்தது. செல்லப்பாண்டிக்குத் தோள் சரியான பிறகும் காலை இறைப்பு அவளுடையதாகவே இருந்துவிட்டது. மயிலை, செவலை இரண்டு மாடுகளுக்கும் அவள் குரல் பழகியிருந்தது. வேறு யார் விரட்டினாலும் முரண்டு பண்ணின.

அவர்களுடைய நிலம் விருதுநகருக்கும் திருத்தங்கலுக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வடக்கு வரப்பைத் தாண்டியதும் ஒரு மண்பாதை தண்டவாளத்தைக் கடந்து போகும். கேட்டும் கிடையாது, காவலாளும் கிடையாது. சாதாரண நாளில் மாட்டு வண்டிகள்தான் வரும். தீபாவளி சீசனில் மட்டும் குறுக்குவழி என்று பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்.

1961 புரட்டாசி. செல்லப்பாண்டி முந்தின நாளே மிளகாய் வற்றல் மூட்டைகளோடு விருதுநகர் போயிருந்தான். "நாளைக்குக் காலை ரயில் வண்டியில வந்துருவேன் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆகவே மறுநாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் அடிக்கொருதரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். களை எடுக்க வந்திருந்த பஞ்சம்மாள் அதைக் கவனித்துக் கேலி பண்ணினாள்.

அப்போதுதான் தாயில்பட்டிப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று தண்டவாளத்தில் ஏறியது. முன்சக்கரம் கடந்துவிட்டது. பின்சக்கரம் தண்டவாளத்துக்கும் ஜல்லிக்கும் நடுவில் புதைந்து நின்றது. எஞ்சின் இரண்டு தரம் உறுமி அணைந்துபோனது. லோடுமேன் கீழே குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்து முட்டுக்கொடுத்தான். டிரைவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்.

வளைவுக்கு அப்பால் புகை தெரிந்தது. ரயில் கூவியது.

வெள்ளைத்தாய் வரப்பில் ஏறி நின்று கத்தினாள். "வண்டி வருது! விட்டுட்டு ஓடுங்க! ஓடுங்க!"

லோடுமேன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டே எட்டில் பள்ளத்துக்குள் குதித்திருக்கலாம். அவனோ முன்பக்கம் ஓடி டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்து இழுத்தான். "இறங்குங்க பாய்! இறங்குங்க!" என்று அவன் அலறியது கிணற்றடி வரைக்கும் கேட்டது. கதவு இறுகித் திறக்கவில்லை. டிரைவர் 'நீ ஓடு' என்பதுபோல ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவனைத் தள்ளிவிட்டார். அவன் மறுபடியும் வந்து கதவைப் பிடித்தான்.

ரயிலின் பிரேக் கிறீச்சிட்டது. நெருப்புப் பொறி பறந்தது. ஆனாலும் வந்த வேகம் அடங்கவில்லை.

எஞ்சின் லாரியை நடுவில் மோதியது. முன்பகுதி தனியே பிய்த்துக்கொண்டு வெள்ளைத்தாயின் வரப்புப் பக்கத்துப் பள்ளத்தில் தலைகீழாக விழுந்தது. லோடு இருந்த பின்பகுதியை ரயில் நூறடி தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஒரு நொடி சத்தமே இல்லை. அடுத்த நொடி பெட்டி பெட்டியாக வெடிக்கத் தொடங்கியது. சரவெடி தண்டவாளம் நெடுக ஓடி ஓடி வெடித்தது. வாணங்கள் படுக்கையாகச் சீறிக்கொண்டு மிளகாய்த் தோட்டத்துக்குள் பாய்ந்தன. ரயிலிலிருந்து ஜனங்கள் ஜன்னல் வழியாகவெல்லாம் குதித்தார்கள்.

"அக்கா! அண்ணன் வர்ற வண்டியாச்சே!" என்று பஞ்சம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளைத்தாய் ரயிலை நோக்கி ஓடினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: "காலு... என் காலு... யாராச்சும் வாங்களேன்."

நின்றாள். ரயிலைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள். டிரைவர் பாதி உடம்பு வெளியேயும் இடது கால் நொறுங்கிய இரும்புக்கு அடியிலும் கிடந்தார். இருபதடி தள்ளிக் காய்ந்த கோரைப்புல்லில் தீ பிடித்து அவர் பக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ரயிலில் அத்தனை பேர் இருக்கிறார்கள், இங்கே யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏ பஞ்சம்மா! வாய்க்கால்ல சாக்கை முக்கி எடுத்துட்டு வா! ரெண்டு சாக்கு!"

சாலிலிருந்து வடத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடுகளைப் பள்ளத்தை நோக்கி ஓட்டினாள். வெடிச் சத்தத்தில் செவலை பின்னங்காலால் உதைத்துத் திமிறியது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவளை ஐந்தாறு அடி தரையோடு இழுத்துப்போனது. அவள் விடவில்லை. நனைந்த சாக்குகளை இரண்டு மாடுகளின் கண்ணை மறைத்துக் கட்டினாள். வடத்தின் மறுமுனையை லாரியின் இரும்புச் சட்டத்தில் சுற்றி முடிச்சிட்டாள்.

"பாய், நான் சொன்னதும் காலை உருவிக்கிடுங்க. மயங்கிராதீக!"

மாடுகளுக்கு முன்னால் போய் நின்று, தினமும் தண்ணீர் இறைக்கும்போது கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தாள். தலைக்கு மேல் வாணம் போய்க்கொண்டிருந்தது. மாடுகள் கழுத்தைத் தாழ்த்தி, வெடுக்கென்று இழுக்காமல், பாரத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு நகர்ந்தன. வடம் முறுகியது. இரும்பு ஒரு சாண் எழும்பியது.

"இப்ப! இப்ப உருவுங்க!"

பஞ்சம்மாளும் ரயிலிலிருந்து ஓடிவந்த இரண்டு ஆண்களும் டிரைவரின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். அவர் வெளியே வந்ததும் வடம் அறுந்து, இரும்பு மண்ணில் புதைந்தது. கொஞ்ச நேரத்தில் தீ அதைச் சூழ்ந்துகொண்டது.

லோடுமேன் அந்தப் பக்கத்துக் கருவேலம் புதரில் கிடந்தான். சிவகாசிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் வெள்ளைத்தாய் ரயிலுக்கு ஓடினாள். முதல் பெட்டியில் சிலருக்கு மண்டை உடைந்திருந்தது. பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

உச்சி வெயிலில் செல்லப்பாண்டி வெற்று மூட்டைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். "வண்டியைத் தவற விட்டுட்டேன். பஸ்சுல வந்தேன். என்ன இங்கன இம்புட்டுக் கூட்டம்?" என்றான். அவள் அவனை முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகுதான் அழுகை வந்தது.

நாலாம் நாள் விசாரணை நடந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத வெள்ளைத்தாய்தான் முக்கிய சாட்சி. லோடுமேன் முதலிலேயே குதித்து ஓடிவிட்டதாகச் சிலர் சொல்கிறார்களே என்று அதிகாரி கேட்டார்.

"யாரு சொன்னது? அவுகளை என் முன்னால சொல்லச் சொல்லுங்க ஐயா" என்று அவள் குரல் உயர்ந்தது. "ஓடியிருந்தா அந்த மனுசன் பொழச்சிருப்பாரு. ரெண்டு தடவை கதவைப் பிடிச்சாரு. நான் இந்தக் கண்ணால பாத்தேன். அப்படியே எழுதுங்க."

எழுதினார்கள். கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். லோடுமேன் சோலைச்சாமியின் மனைவி இருளம்மாள்.

"நீங்க சொன்னதை வெளிய நின்னு கேட்டேன்" என்றாள். "கடைசியா என்ன சொன்னாக?"

"இறங்குங்க பாய், இறங்குங்கன்னாக."

இருளம்மாள் அந்த வார்த்தைகளைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வெள்ளைத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் பீர் முகைதீனுக்கு இடது பாதம் போய்விட்டது. கட்டையை ஊன்றி நடக்கத் தெரிந்ததும் மனைவி கமருன்னிசாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். மாடுகளுக்கு ஒரு மூட்டை பருத்திவிதை கொண்டுவந்திருந்தார். செவலை அவரை முட்ட வந்தது.

அந்த இடத்தில் கேட் போட மூன்று வருஷம் ஆனது. அதுவரைக்கும் மண்பாதையில் லாரிச் சத்தம் கேட்டால் போதும், வெள்ளைத்தாய் மாட்டை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறிவிடுவாள். இரண்டு பக்கமும் பார்த்து, "வா" என்று கையசைத்தால்தான் லாரி நகரும். டிரைவர்களுக்குள் அது எழுதாத சட்டமாகிவிட்டது. ஒருநாள் ஒரு புது டிரைவர் காத்திருக்காமல் வண்டியை எடுத்தான். அவள் பாதை நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"நீ யாரு, ஸ்டேஷன் மாஸ்டரா?" என்று அவன் எரிந்து விழுந்தான்.

"ஆமா. நிப்பாட்டு" என்றாள்.

நிறுத்தினான்.