செம்மேட்டில் எஸ்கலேட்டர் சட்டம்

1. ஏழேகால் வண்டி

மலைமேல் இருக்கும் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஏழேகால் நாமக்கல் வண்டி ஏழு பதினாறுக்குப் போனதாக என் ரிஜிஸ்டரில் ஒரு நாளும் எழுதியதில்லை. அந்தக் கர்வத்தை ஒரு சந்தை நாளில் காளியம்மா உடைத்தார்.

அவருடைய கணவர் நல்லசாமிக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை நாமக்கல்லில் டயாலிசிஸ். அதில் ஒன்று சந்தை நாளில்தான் விழும். மலைக்குள்ளே தள்ளியிருக்கும் ஆலத்தூர் நாட்டிலிருந்து செம்மேடு வந்து இந்த வண்டியைப் பிடித்தால்தான் அவருடைய முறைக்குப் போய்ச் சேர முடியும். எழுபது கொண்டை ஊசி வளைவையும் நின்றுகொண்டே இறங்குகிற உடம்பு இல்லை அது. சீட் கிடைத்தே ஆக வேண்டும்.

அன்று வண்டி வந்ததும் இறங்குகிறவர்களை இறங்கவிடாமல் ஏறுகிறவர்கள் முட்டினார்கள். ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் சீட்டுக்குப் பறந்தன. படிக்கட்டில் ஒரு மிளகு மூட்டை மாட்டிக்கொண்டது. நல்லசாமி மூன்று முறை படியில் கால் வைத்தார். மூன்று முறையும் கூட்டம் அவரைக் கீழே தள்ளியது. நான் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினேன். வண்டி போய்விட்டது.

காளியம்மா என் மேஜைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

“ஏனுங்க, வண்டி டயத்துக்குப் போயிருச்சுன்னு எழுதிட்டீங்க. எங்க ஊட்டுக்காரரு போகலீங்கறத எங்க எழுதுவீங்க?”

மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்றை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் நல்லசாமியை உட்கார வைத்து அனுப்பினேன். தாமதமாகப் போனதால் பாதி நேரம்தான் மெஷினில் வைத்தார்களாம். அடுத்த முறை பார்த்தபோது அவர் கால் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

2. “சார், லெஃப்ட்ல நில்லுங்க”

அந்த மாதமே மகளைப் பார்க்கச் சென்னை போனேன். ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டர் ஏறினோம். நான் நடுவில் நின்று, பக்கத்தில் பலாப்பழப் பையை வைத்தேன். பின்னாலிருந்து ஒருவர், “சார், லெஃப்ட்ல நில்லுங்க, ரைட்ல நடக்குறவங்க போகணும்” என்றார். ஊருக்கெல்லாம் வரிசை சொல்கிற எனக்கே வரிசை சொல்கிறானா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஒதுங்கி நின்று பார்த்தேன். அவ்வளவு கூட்டமும் ஒரு தள்ளுமுள்ளு இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. கோபம் போய்ப் பொறாமை வந்தது.

அன்றெல்லாம் எனக்கு யோசனைமேல் யோசனை. பஸ்ஸின் கூரைக்கு மூட்டையைத் தானே தூக்கிவிடும் ஒரு ராட்டினம். துண்டு போட்டால் உடனே சாத்திக்கொள்ளும் ஜன்னல். கடைசியில், அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து எங்கள் மலை உச்சிவரை ஒரே எஸ்கலேட்டர். இடப்பக்கம் பலாப்பழம் நிற்கும், வலப்பக்கம் ஆள் நடக்கலாம். மகள் சிரித்துக்கொண்டே, “அப்பா, மொதல்ல உங்க பஸ்ஸோட படிக்கட்டைப் பாருங்க” என்றாள்.

3. சுண்ணாம்புக் கோடு

ஊர் திரும்பியதும் பஸ் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் மூட்டைக்காரர்கள் நிற்க வேண்டும். வலப்பக்கம் நோயாளிகளும் கைக்குழந்தைக்காரர்களும் நடந்து முன்னால் போகலாம். இறங்குகிறவர்கள் பின்படிக்கட்டு, ஏறுகிறவர்கள் முன்படிக்கட்டு. எங்கள் ஜனம் சொன்னால் கேட்கிற ஜனம். சந்தை நாளில் இடப்பக்கம் அழகாக நின்றார்கள். நல்லசாமி வலப்பக்கம் நடந்தார்.

அங்கேதான் நான் கவிழ்ந்தேன். எங்கள் மலையில் தெரிந்தவரைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாமல் போகிற வழக்கம் கிடையாது. போனால் என்ன மனஸ்தாபமோ என்று அடுத்த சந்தைவரை பேசுவார்கள். வரிசையில் நின்ற நாற்பது பேரும் அவருக்குத் தெரிந்தவர்கள்.

“வாங்க மாமா, ஒடம்பு எப்படி இருக்குதுங்க?”

“பரவால்லீங்க சாமி. உங்கூட்ல கெழங்கு புடுங்கியாச்சுங்களா?”

ஒவ்வொருவரிடமும் நின்றார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு வந்த பெண்கள் தேங்கினார்கள். யாருக்காக வழி விட்டேனோ, அவரே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். டிரைவர் ஹார்ன் அடித்தார். காளியம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று நான் விசில் ஊதவில்லை. அவர் ஏறி உட்கார்ந்த பிறகே வண்டி கிளம்பியது. ரிஜிஸ்டரில் முதல் முறையாக ஏழு இருபத்தொன்று என்று எழுதினேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. எஸ்கலேட்டரில் படிதான் நகர்கிறது. முடியாதவன் சும்மா நின்றால் போதும். நானோ முடியாத மனுஷனை நடக்க வைத்திருக்கிறேன்.

அடுத்த சந்தை நாளில், முன்படிக்கட்டு வந்து நிற்கும் இடத்தில் ஆபீஸ் பெஞ்சைப் போட்டேன். நல்லசாமி வந்ததும், “நீங்க இங்கியே உக்காருங்க. எங்கியும் நடக்க வேண்டாம்” என்றேன். வருகிறவர்கள் எல்லாரும் வழக்கம்போல அவரிடம் போய் உடம்பை விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக நின்றார்கள். கோடே தேவைப்படவில்லை. வரிசை தானாக அவரிடமிருந்து தொடங்கியது. வெளியிலிருந்து யாரும் துண்டு போட்டு இடம் பிடிக்காதபடி, முதல் சீட் ஜன்னலின் ஷட்டரை மட்டும் அவர் உட்காரும்வரை திறக்காமல் கண்டக்டர் பார்த்துக்கொண்டார்.

வண்டி ஏழேகாலுக்குக் கிளம்பியது. ஜன்னலிலிருந்து காளியம்மா, “இன்னைக்கு என்னங்க எழுதுவீங்க?” என்றார்.

ரிஜிஸ்டரில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு; பிரேக்டவுன், மரம் விழுந்தது போன்றவற்றை எழுதத்தான் அது. அதில் ‘நல்லசாமி ஏறினார்’ என்று எழுதினேன். அன்று முதல் அவர் வரும் நாளெல்லாம் அப்படியே எழுதினேன்.

ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். “யாருய்யா இந்த நல்லசாமி? பெரிய ஆபீஸரா?”

“இல்லீங்க சார். பாசஞ்சர்.”

விவரம் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அந்த பெஞ்ச எடுத்துறாதீங்க” என்று மட்டும் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி எத்தனை மணிக்குப் போனது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். யார் ஏறவில்லை என்பதை நீங்கள்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். பெஞ்சில் நல்லசாமி உட்கார்ந்திருந்தார். நானும் அவருடைய உடம்பை விசாரித்துவிட்டு, அவருக்குப் பின்னால் பதினெட்டாவது ஆளாகப் போய் நின்றேன்.