மாதுளைக் கன்று எந்தக் குடி?

சாய்ந்தமருதுத் தையல்காரர் ஸலாஹுதீன் விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் கிணற்றில் இரண்டு தகரம் தண்ணீர் அள்ளுவார். காவுதடியின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றுவார். படலையைத் திறந்தால், தெருவுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்து வேலியில் மாதுளைக் கன்றுகள் நாவறண்டு நிற்கும். அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். பள்ளிக்கூட வளவைப் பாதி சுற்றிக் கடலோரப் பக்கம் போய், அங்கே நிற்கும் முள்ளுக் கிளாக் கன்றுகளுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறுந்தகரத்தோடு திரும்புவார். வழியில் அவருடைய ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் எதிர்ப்படுவார். அவர் தோளிலும் ஒரு காவுதடி. அவருடைய வீடு அந்தக் கிளாக் கன்றுகளுக்கு நேர் எதிரே. அவர் தண்ணீர் கொண்டுபோவது வேறெங்கோ. இருவரும் தண்ணீர் சிந்தாமல் நின்று ஸலாம் சொல்லிக்கொண்டு பிரிவார்கள்.

திருக்கோவில் பக்கமிருந்து நெல்லேற்றிய கரத்தையோடு வந்த வேலப்போடி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு மாட்டை நிறுத்தினார்.

"ஏன் தம்பி, வாசல்ல நிக்கிற கண்டு என்ன குத்தம் செஞ்சது?"

"அது எங்கட வீட்டுக்காரிட குடிக்குரியது, அண்ணே. எங்கட குடிட துண்டு அங்கால இரிக்கி."

வேறு பகுதிக்காரன் என்றால் சிரித்திருப்பான். வேலப்போடிக்கும் அவருடைய ஊரில் ஒரு குடி உண்டு. அதுவும் தாய் வழியாக வரும் வம்சம்தான். "அப்பிடியெண்டா சரிதான்," என்று தலையை ஆட்டிவிட்டு மாட்டைத் தட்டினார்.

கதை தொடங்கியது 1953ஆம் ஆண்டு மாரியில். பள்ளிக்கூடத்துக் கம்பு வேலி வருடத்துக்கு ஒருமுறை உக்கிப்போகும். பின்பு மாடு ஒரு பக்கத்தால் வரும், ஆடு மறுபக்கத்தால் வரும், பிள்ளைகள் எல்லாப் பக்கத்தாலும் போவார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் கூடி, உயிர் வேலி நடுவதென்று தீர்மானித்தது. வெறும் வேலி எதற்கு, பழம் பழுக்கிற வேலியாக இருக்கட்டும், ஊர்ப் பிள்ளைகள் பிடுங்கித் தின்னட்டும் என்றார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இனி எல்லோருடைய வேலியையும் யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. ஆறு குடி இருக்கிறது, வேலியை ஆறு துண்டாக்கி, எந்தக் குடியின் வீடுகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கத்தை அந்தக் குடி ஆண்கள் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. கைதட்டல் எழுந்தது. ஸலாஹுதீன் தன் அளவு நாடாவாலேயே அளந்து துண்டு பிரித்துக் கொடுத்தார்.

கூட்டத்திலிருந்த நாற்பது ஆண்களில் ஒருவருக்குக்கூட ஒரு விஷயம் நினைவுக்கு வரவில்லை. வீடுகள் பெண்களுடையவை. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில்தான் இருப்பான். ஆனால் அவனுடைய குடி அவனைப் பெற்ற உம்மாவின் குடி. ஆகவே ஒரு குடியின் வீடுகள் இருக்கும் தெருவில் அந்தக் குடியின் கலியாணம் முடித்த ஆண் ஒருவனும் இருக்கமாட்டான். இதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஸலாஹுதீன் பொன்னாச்சி குடி. மனைவி றுகையா கணக்கர் குடி. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடை விறாந்தையில் மெஷின் போட்டுத் தைப்பவர் அவர். ஊரில் எந்த மனிதனின் நெஞ்சு எத்தனை அங்குலம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய சொல்லுக்கு எத்தனை அங்குலம் மதிப்பு என்று யாருக்கும் தெரியாது. ராத்தா ஆயிஷா உம்மாவுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கலியாணம் முடித்தார். அதற்கே ஒன்பது வருடம் தைத்தார். பின்பு றுகையாவின் வளவுக்கு வந்தார். இருபத்தொரு வருடமாக அங்கே மாப்பிள்ளையாகவே இருக்கிறார். வெற்றிலைத் தட்டம் முதலில் அவரிடம்தான் வரும். கிணறு வெட்டுவதா வேண்டாமா என்ற பேச்சு மட்டும் அவரிடம் வராது.

வேலி நட்ட அடுத்த வருடம் பொன்னாச்சி குடியின் மரைக்கார் முகம்மது தம்பி மவுத்தாகிவிட்டார். மரைக்கார் என்றால் குடிக்குத் தலைவர். பள்ளிவாசல் கூட்டத்தில் குடியின் பேரால் உட்காருபவர். குடிக்குள் கலியாணம், சண்டை எதுவானாலும் அவர் வாய் திறக்காமல் நடக்காது. அவருடைய இடத்துக்கு இரண்டு பெயர் அடிபட்டது. ஒன்று நெல் வியாபாரி முத்தலிப். மற்றது, யாருக்கும் இடைஞ்சல் செய்யாதவர் என்பதால், ஸலாஹுதீன். வேலி வளர்ந்ததும் பிரிவுக்கு அதிகாரியான டீ.ஆர்.ஓ. துரை வந்து பார்க்கப்போகிறார், அன்றைக்குக் குடியின் மானத்தைக் காப்பாற்றியவர் யாரென்று பார்த்து முடிவு செய்வோம் என்று பெரியவர்கள் ஒத்திப்போட்டார்கள்.

அன்றிலிருந்து ஸலாஹுதீனுக்கு உறக்கத்திலும் கிளாச் செடிதான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டார். பாயில் எல்லோரோடும் உட்காருவதை விட்டு, பள்ளிவாசலில் மரைக்கார்மாரின் வரிசையில் ஒரு நாள் உட்கார வேண்டும். முத்தலிப் ஒரு தகரம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. கூட்டங்களில் மட்டும், "எங்கட துண்டு எப்பிடி வருதெண்டு பாருங்க!" என்பார்.

எங்கட துண்டு வரவில்லை. ஆயிஷா உம்மா வளர்க்கும் ஏழு ஆடுகள் அதை வரவிடவில்லை. முள் விறைக்கும் முன்பே கொழுந்தைக் கடித்துவிடும்.

"ராத்தா, ஆட்டக் கட்டி வையுங்களன்."

"கட்டினா அதுகள் என்னத்தத் தின்னும் தம்பி? நீ வெட்டி எறியிற சட்டத் துணியயா?"

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் தின்ன வெச்ச கண்டு ராத்தா அது."

"எண்ட வெள்ளாடும் புள்ளத்தாச்சிதான். அதுக்கும் வாய்க்கு ருசியா ஒண்டும் வேணாமா? போ, தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டுப் போவார். பொன்னாச்சி குடி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல ஆயத்தமாயிருந்தவரால் ஏழு ஆட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

வீட்டு வாசலிலோ வேறு கதை நடந்தது. முதல் வருடம் வறண்ட கச்சான் காற்று வீசியபோது, மாதுளைகள் கருகுவதைப் பார்த்து றுகையா ஒரே ஒரு முறை கேட்டாள்.

"இஞ்சேருங்க, போற வழிதானே. இதுக்கும் ஒரு தகரம் சரிச்சிட்டுப் போனா என்ன?"

"நல்ல கதை. நான் உங்கட குடிக்குத் தண்ணி ஊத்தினா எங்கட குடி என்னயப் பத்தி என்ன கதைக்கும்?"

"உங்கட குடி கதைக்கிறதுக்கு வேற ஒண்டும் இல்லயா?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கணக்கர் குடி ஆண்கள் தூரத்து வீடுகளிலிருந்து வரவுமில்லை. அவளும் அவளுடைய தங்கைமார் மைமூனாவும் சபூறாவும் அரிசி கழுவிய தண்ணீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் சேர்த்தார்கள். ஆண்கள் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய், தெரு வெறித்துக் கிடக்கும் நேரத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு ஓடிப்போய் ஊற்றினார்கள். கணக்கர் குடியின் மரைக்கார் ஷரிபுதீன் நாலு தெரு தள்ளி, மனைவி வீட்டில் இருந்தார். மூன்றாம் வருடம் மாதுளை இடுப்பளவு வளர்ந்து சிவப்பாகப் பூத்தபோது, "எங்கட ஆக்கள் நல்லாத்தான் பாடுபட்டிருக்காங்க," என்று சொல்லி எல்லோருடைய கையையும் குலுக்கினார். கைகொடுத்தவர்கள் எல்லாம் ஆண்கள்.

1956இல் டீ.ஆர்.ஓ. துரை வரும் நாள் குறித்தாயிற்று. ஒரு மாதம் இருந்தது. ஸலாஹுதீன் தன் துண்டைப் போய் எண்ணினார். அறுபது குழியில் இருபத்துமூன்று கிளா நின்றது. முப்பத்தேழு குழியில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து சோற்றின் முன் உட்கார்ந்தவர் கையை வைக்கவில்லை.

"றுகையா."

"சொல்லுங்க."

"இந்த மாதுளைக்கெல்லாம் அடியில பக்கக் கண்டு முளைச்சி நெருங்கிக் கிடக்கு. புடுங்கி விட்டாத்தான் தாய்க்கு நல்லம்."

"ஓம், நல்லம்."

"சும்மா எறியத்தானே போறீங்க."

"எத்தின வேணும்?"

"முப்பத்தேழு."

றுகையா சிரிக்கவில்லை. அடுத்த அறையில் மைமூனா சிரித்தது கேட்டது. மூன்று பெண்களும் குசினிக்குள் போய்க் கதைத்தார்கள். திரும்பி வந்தபோது றுகையாவிடம் ஒரு நிபந்தனை இருந்தது.

"தாறம். ஆனா ஒரு கிழமைக்கு எங்கட துண்டுக்கு நீங்க தண்ணி ஊத்தோணும். காலையில, எல்லாரும் தொழுதிட்டுப் பள்ளியால வாற நேரம்."

"அஸருக்கு ஊத்துறனே. ஒருத்தரும் இல்லாத நேரம்?"

"ஒருத்தரும் இல்லாத நேரம் ஊத்த நாங்க இரிக்கம்."

ஒரு கிழமை ஊற்றினார். சுபஹுத் தொழுகை முடிந்து வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முத்தலிப் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டுவதுபோல அதிக நேரம் நின்றார்.

"என்ன தம்பி, பொன்னாச்சி குடிய விட்டுட்டீங்களா? சொல்லவே இல்ல!"

"இல்ல காக்கா, தகரம் ஓட்ட. போற வழியில ஒழுகுது."

"ரெண்டு தகரமுமா ஒழுகுது?"

ஸலாஹுதீன் காதுவரை சிவந்தார். ஆனாலும் ஏழாம் நாள் முப்பத்தேழு கன்றும் வேரோடும் மண்ணோடும் கிடைத்தன. அவற்றைக் கிளாவுக்கு இடையில் நட்டார். ராத்தாவிடம் போய், காரியம் மரைக்கார் பதவி என்று விளக்கினார்.

"மூணு கிழமைக்குக் கட்டுறன் தம்பி," என்றாள் ஆயிஷா உம்மா. "அதுக்கு மேல வெச்சா அதுகளுட பதுவா என்னச் சும்மா விடாது."

துரை வந்தார். வெயிலில் தொப்பியால் விசிறிக்கொண்டு வேலியைச் சுற்றினார். கணக்கர் குடியின் துண்டுக்கு முன்னால் நின்று ஷரிபுதீனைப் பாராட்டினார். பொன்னாச்சி குடியின் துண்டுக்கு முன்னால் நின்று, முள்ளும் பழமும் கலந்து நட்டது நல்ல யோசனை என்றார். "எங்கட யோசனதான்," என்றார் முத்தலிப். ஸலாஹுதீனுக்கு அதுகூடக் கோபம் வரவில்லை. ஊருக்குத் தெரியும் யார் நட்டது என்று.

துரை இளநீர் குடித்துவிட்டுப் போனார். பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஷரிபுதீன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன விசயம். பொன்னாச்சி குடிட வேலியில நிக்கிற முப்பத்தேழு மாதுளையும் எங்கட குடி. அதுல காய்க்கிறத எங்கட கணக்கிலதான் சேக்கோணும்."

"எங்கட மண்ணில நிக்கிற கண்டு எங்கட கண்டு!" என்று முத்தலிப் எழும்பினார்.

சத்தம் கூடியது. ஊர்ப் பிள்ளைகள் தின்னவென்று நட்ட வேலியில் யார் தின்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறு குடிக்கும் பொதுவான மனிதர் அபூசாலி லெவ்வை. அவர் கையை உயர்த்தினார்.

"ஸலாஹுதீன், நீ சொல்லு மனே. கண்டு எங்கால வந்த?"

"எங்கட... றுகையாட வாசல்ல நிக்கிற மாதுளையில புடுங்கின, லெவ்வை."

"தாய் அங்கதான் நிக்கிது?"

"ஓம்."

"நீ இப்ப எங்க இரிக்கிற?"

"கணக்கர் குடி வளவில."

"எத்தின வருசம்?"

"இருபத்தொண்டு."

"அப்ப நீ என்ன குடி?"

தையல்காரர் மனதில் கணக்கு ஓடியது. நிற்கிற மண்ணின் குடிதான் கன்றின் குடி என்றால், இருபத்தொரு வருடம் கணக்கர் குடி மண்ணில் நின்றவர் கணக்கர் குடி. கணக்கர் குடிக்காரன் பொன்னாச்சி குடிக்கு மரைக்கார் ஆக முடியாது. பெற்ற தாயின் குடிதான் கன்றின் குடி என்றால், அவர் பொன்னாச்சி குடிதான். ஆனால் வேலியில் முப்பத்தேழு குழி வெறுங்குழி. துணியை எந்தப் பக்கம் திருப்பி வெட்டினாலும் சட்டைக் கைக்குப் பற்றவில்லை.

உம்மாவை விட்டுக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

"பொன்னாச்சி குடி," என்றார்.

"அப்ப கண்டு?"

"கணக்கர் குடி."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் லெவ்வை. "நீதமான பதில்."

எல்லோரும் அவருடைய நேர்மையைப் பாராட்டினார்கள். அடுத்த கால்மணிக்குள் முத்தலிப்பை மரைக்காராகத் தெரிவு செய்தார்கள். குடியின் துண்டில் முப்பத்தேழு கன்றைச் சாகவிட்டவரை எப்படித் தெரிவு செய்வது? புதிய மரைக்காருக்கு முதல் ஸலாம் சொன்னது ஸலாஹுதீன்தான். முத்தலிப் அவருடைய தோளைத் தட்டினார்.

"தண்ணி ஊத்துற வேலய மட்டும் விட்டுராதீங்க தம்பி."

"எங்கட இருபத்துமூணு கிளாவுக்கும் ஊத்துறன் காக்கா. மத்தது அடுத்த குடிட சாமான். உத்தரவில்லாமத் தொடலாமா?"

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. சட்டம் அதுதானே. ஆனால் முத்தலிப் மரைக்காராகச் செய்த முதல் வேலை, ஷரிபுதீனிடம் போய் உத்தரவு கேட்டதுதான். ஷரிபுதீன், அந்தப் பக்கத்து விஷயம் அங்கே இருக்கிற பெண்களுக்குத்தான் தெரியும் என்று கைகாட்டினார். அன்று பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்கு முன்னர் முத்தலிப் றுகையாவின் படலையில் வந்து நின்றார். ஸலாஹுதீன் கதிரை எடுத்துப் போட்டார். றுகையா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தங்கச்சி, அந்த முப்பத்தேழு கண்டையும் எங்கட குடி ஆக்கள் பாக்கலாமா?"

"வேணாம் காக்கா," என்றது கதவு. "அதுக்கு எங்கட ஆள் இரிக்காரு."

"ஆரு அது?"

"கதிர போட்டவரு."

முத்தலிப் கதிரையையும் ஸலாஹுதீனையும் மாறி மாறிப் பார்த்தார். ஸலாஹுதீன் நிலத்தைப் பார்த்தார். பின்பு ஒருமுறை கதவைப் பார்த்தார்.

"கண்டுக்குக் கிட்ட ஆர் போறதெண்டாலும் அவருட்ட ஒரு சொல்லுக் கேக்கோணும்," என்றாள் றுகையா. "ஆயிஷா மதினிட ஆட்டையும் நாளைக்கே கட்டச் சொல்லுங்க. இவரு சொல்லமாட்டாரு. எங்கட குடி சொன்னதெண்டு சொல்லுங்க."

"சொல்லுறன் தங்கச்சி," என்றார் பொன்னாச்சி குடியின் மரைக்கார்.

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனதும் ஸலாஹுதீன் கதிரையைத் தூக்கினார். அதை எங்கே வைப்பது என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. தனக்குப் பிடித்த இடத்தில், வாசலுக்கு நேரே, மாதுளை தெரிய வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார்.