நான்காவது பொத்தான்

ஞாயிறு மதியம் புவனகிரியில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ஜெயசீலி மேடத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடன், “சொல்லுங்க மேடம்” என்றேன். பேசியது அவர் மகள் ரெஜினா. “சார், அம்மா போயிட்டாங்க” என்றாள். எங்கே என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதபோதுதான் எனக்குப் புரிந்தது.

சிதம்பரத்தில் எங்கள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்த நீங்கள் எல்லோரும் அவரை ஆய்வகத்தில்தான் அறிவீர்கள். மல்டிமீட்டரை யாராவது மேசையில் டக்கென்று வைத்தால் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோனவர். வீட்டைப் பற்றிப் பேசமாட்டார். கூடவே வேலை பார்த்ததால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அவர் கணவர் அமலதாஸ் படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர். கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருப்பவர்களுக்குக் கேட்கும், அப்படி ஒரு குரல். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. கடையில் வாங்கிய அழைப்பு மணியின் சின்னப் பொத்தான் அவருடைய இடது கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டு அழுத்தினாலும் எதற்குக் கூப்பிடுகிறார் என்று தெரியாது. தண்ணீரா, வலியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதற்குள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் மேடம் என்னிடம் வந்து, “மூணு பட்டன் சார், உள்ளங்கை அகலத்துக்கு. தண்ணி, பாத்ரூம், வலி. ஒண்ணொண்ணுக்கும் ஒரு சத்தம். போர்ட நாமளே செஞ்சிடலாம்” என்றார்.

வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்யும் முறை உங்களுக்குத் தெரியும். வரைபடத்தை வழவழப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, செம்பு பூசிய போர்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் கருப்பு மை உருகிச் செம்பில் ஒட்டும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து நீக்கிவிட்டு, போர்டை அமிலக் கரைசலில் போட்டால், மை மூடிய கோடுகள் நிற்கும். மற்ற செம்பு கரைந்துவிடும். மேடம் நகைக்கடை விளம்பரத் தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டில் முயன்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் கோடுகள் அறுந்தன. “கடக்காத்து சார். ராத்திரி செம்ப விளக்கி வச்சா காலையில கறுத்துக் கெடக்குது. மை ஒட்டவே மாட்டேங்குது. எங்க ஊர்ல உப்பு ஜாஸ்தி” என்றார். பிறகு வகுப்புகள் முடிந்ததும் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்தோம். அவர் செம்பை நாரால் தேய்த்துக் கொடுப்பார், அடுத்த நொடி நான் தாளை வைத்துப் பெட்டியை அழுத்துவேன். சூடு குறைந்தால் ஒட்டவில்லை, கூடினால் மை பரவிக் கோடுகள் ஒன்றாயின. ஒருவழியாக ஒரு மாலை எல்லாக் கோடுகளும் முழுதாக நின்றன. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

மறுநாள் அவர் அந்தப் போர்டை என் முன் வைத்து, “இது வேணாம் சார், நாலு பட்டன் போடணும்” என்றார். இவ்வளவு பாடுபட்டு வந்ததை விடுவதா, நான்காவது எதற்கு என்று எரிச்சலோடு கேட்டேன்.

“சும்மா கூப்பிடறதுக்கு” என்றார். “தண்ணி, பாத்ரூம், வலி. இந்த மூணுக்குந்தான் மனுஷன் பொண்டாட்டியக் கூப்பிடுவானா சார்?”

மறுபடி வரைந்து, மறுபடி தேய்த்தோம். நான்காவது பொத்தானுக்கு மூன்று சின்ன ஒலிகள் வைத்தார். மாட்டிய பிறகு அமலதாஸ் அதிகம் அழுத்தியது அதைத்தான். “அடுப்புல வேலயா இருக்கும்போது கூப்பிடறாரு. போனா மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிக்கிறாரு. அவ்ளோதான்” என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பிரகாசத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு காலை அவர் பின்கட்டில் துணி துவைக்கும்போது விழுந்திருக்கிறார். மாரடைப்பு. பகலில் துணைக்கு இருக்கும் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெல்லு அடிச்சிக்கிட்டே இருந்துச்சி சார். எப்பவும் அடிக்கிறதுதானே, அவுங்க பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டோம். ஒரு எட்டு போய்ப் பாக்கல சார், பாக்கல” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைப் போலவே தெரு முழுவதும் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தது. எல்லாப் பொத்தான்களையும் மாற்றி மாற்றி அழுத்திய அமலதாஸ், பின்கட்டில் என்ன நடந்ததென்று பார்க்க முடியாமல் கட்டிலில் கிடந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது மணி அடித்தது. மூன்று சின்ன ஒலிகள். ரெஜினா ஓடினாள். அமலதாஸ் அவளைப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ரெஜினா அவரைப் புதுச்சேரியில் தன் வீட்டில் வைத்திருக்கிறாள். “மாடி வீட்டுலயும் அடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சி குடுங்க சார். எந்தச் சத்தம் கேட்டாலும் வந்து பாருங்கன்னு மாடியில இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டேன்” என்றாள். போன வாரம் அந்தப் போர்டைத் தனியாகச் செய்தேன். செம்பைத் தேய்த்துக் கொடுக்க ஆளில்லாததால் இரண்டு வேலையையும் நானே அவசரமாகச் செய்தேன். தாளோடு தேய்த்த போர்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஊறுவதற்குள் தாளின் ஓரத்தை உரிக்கப் போனேன். “இழுக்காதீங்க சார், அதுவா விடட்டும்” என்று எத்தனை முறை என் கையைத் தடுத்திருப்பார். விரலை எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்குச் சேர்ந்தது அந்தப் பொறுமைதான். அதுவும் எல்லா இடத்திலும் வருவதில்லை. ஆய்வகத்தில், தாள் ஊறும் அந்த நேரத்தில் மட்டும் வருகிறது.

தாள் தானாக விட்டது. ஒரு கோடுகூட அறுந்திருக்கவில்லை. காட்டத்தான் ஆளில்லை.