பொன்னுருக்கில் விழுந்த பேராயர் காசு

எண்பதுகளின் கடைசியில் நான் வீட்டுவேலை செய்த பிரெஞ்சுக் கிழவர் தனிக்கட்டை. பழைய காசு என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். அவரிடம் இருந்த ஒரே தங்கக் காசு, ரைன் நதிப் பக்கம் பேராயர்களே நாடாண்ட காலத்தில் ட்ரியர் நகரத்துப் பேராயர் அடித்தது. அதில் கையில் சொர்க்கவாசல் திறப்போடு புனித பேதுரு நிற்பார். இத்தனை நூறு வருடத்தில் ஒருவரும் இதை உருக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார். எனக்குக் கொட்டாவி வரும்.

கல்யாணம் நிச்சயமானதும் அவரையும் பொன்னுருக்குக்கு அழைத்தேன். ஒரு பவுணை உருக்கித்தான் தாலி செய்வோம் என்று விளக்கியும் இருந்தேன்.

ரூ பெர்தொனே என்ற தெருவில் பத்தரின் நகைக்கடை. குத்துவிளக்கு எரிந்தது. தகப்பன் ஸ்தானத்தில் சித்தப்பா. நல்லநேரம் முடிவதற்குள் என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த பவுண் நெருப்பிலிருந்த மூசைக்குள் இளகத் தொடங்கியபோதுதான் கிழவர் மூச்சு வாங்க வந்தார். நான் பத்தருக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்ததால், ஒரு பட்டுப் பையைச் சித்தப்பாவின் கையில் வைத்தார். என்னைப் பார்த்து, "உன் பிள்ளைகளுக்கும் காட்டு" என்றார் பிரெஞ்சில்.

சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. பையைப் பிரித்தார்.

"அட, பெரியவர் தன்ரை பங்குக்கும் பொன் கொண்டந்திருக்கிறார்! நேரம் போகுது பத்தர், இதையும் போடுங்கோ!"

"ஐயோ சித்தப்பா, அது..." என்று எழும்பினேன். பின்னால் நின்ற சித்தி என் தோளை அமத்தினார்.

"விளக்குக்கு முன்னாலை ஐயோ எண்டு சொல்லுறதே? மாப்பிள்ளை மாதிரி சும்மா இரு தம்பி!"

அதற்குள் காசு மூசைக்குள் போய்விட்டது. பேதுருவும் திறப்பும் கண் முன்னாலேயே குழைந்துபோயின. கிழவர் என்னைப் பார்த்தார். நான் குத்துவிளக்கைப் பார்த்தேன். நாசமாய்ப் போன நல்லநேரம்! நான் என்ன செய்ய? உருகினதைத் திருப்பிக் காசாக்கவா முடியும்?

ஆறிய பொன்கட்டியை மரியாதைக்காக முதலில் கிழவரிடமே நீட்டினார் சித்தப்பா. கிழவர் அதை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் வழிந்தது.

"பாத்தியே, எங்கடை சடங்கு வெள்ளைக்காரற்றை நெஞ்சையும் தொட்டிட்டுது" என்றார் சித்தப்பா பெருமையாக.

கிழவர் என் பக்கம் குனிந்து, இதில் தன்னுடையது எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"என்ன தம்பி சொல்லுறார்?"

"வாழ்த்துறார், சித்தப்பா" என்றேன்.