லீக் நின்ற பிறகு

ஏசுதாஸ் அன்று தன் வேனுக்கு ஸ்பார்க் பிளக் கேட்டு வந்தது அந்த வாரத்தில் இரண்டாவது முறை. பழைய பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"வண்டி மறுபடியும் மிஸ்ஸிங் அடிக்குது பாய். நீங்க குடுத்தது நல்ல பிளக்குதானா?"

உத்திரமேரூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அஹமது பாட்சாவிடம், அதாவது என்னிடம், எவரும் நல்ல சேதி கொண்டு வருவதில்லை. எதையாவது உடைத்துக்கொண்டு வருவார்கள். வந்து என் சாமானைச் சந்தேகப்படுவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது. ஆனால் கைக்குட்டையைப் பிரித்ததும் கோபத்தை மறந்து பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரி படிந்திருக்க வேண்டிய பிளக், கழுவிக் கவிழ்த்த டீ கிளாஸ் மாதிரி பளிச்சென்று இருந்தது.

"பக்கத்துப் பட்டறைல ஷகீல் கிட்ட காட்டினியா?"

"அதுக்கு நேரம் ஏது பாய். காலைல எடுக்கும்போது உதறுது, வெள்ளையா பொகை வருது. கொஞ்ச தூரம் போனா சரியாய்டுது. பிளக்குதான், வேற ஒண்ணும் இல்ல."

மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலை செய்யாமல் உட்கார்ந்துகொண்டால், மற்ற இரண்டும் அதையும் சேர்த்து இழுக்கும், வண்டி உதறும். அதைத்தான் மிஸ்ஸிங் என்பது. உடனே எல்லாரும் பிளக்கைத்தான் பழிப்பார்கள். மாற்றுவதற்குச் சுலபமானது அதுதான். பிளக்காகவே இருந்துவிட வேண்டும் என்று ஏசுதாஸ் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஏசுதாஸ் பெருநகர் பக்கத்துக் காலனிக்காரர். அவருடைய அப்பா பெஞ்சமின், அங்கே ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில் சாகும்வரை படியாளாக இருந்தவர். அளந்து போட்ட நெல்லை வாங்கிக்கொண்டு கூப்பிட்ட குரலுக்கு ஓடியவர். மகன் அதே வீட்டில் டிராக்டர் ஓட்டினார். கெட்டிக்கார டிரைவர். அவர் சேறடித்த வயலில் மேடு பள்ளம் தேடினாலும் கிடைக்காது என்பார்கள். பெஞ்சமினை அடக்கம் செய்த அன்று, "காரியம் முடிஞ்சதும் வந்து மிச்ச வயலை ஓட்டிட்டுப் போ" என்று அந்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். கல்லறையிலிருந்து நேராகப் போய் ஓட்டினார். அதோடு சரி. இனி அந்த வாசலில் போய் நிற்பதில்லை என்று மனைவி ஜெயம்மாளிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டார்.

ஜெயம்மாள் நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். அவருடைய கம்மலும் வீட்டில் நின்ற மாடும் ஒரு பழைய வேனாக மாறின. முன்சீட்டைத் தூக்கினால் அடியில் என்ஜின். எட்டுப் பேர் உட்காரலாம் என்று வண்டியைச் செய்தவர்கள் நினைத்திருக்கலாம். ஜெயம்மாள் அப்படி நினைக்கவில்லை. முன்கண்ணாடியில் ஒரு சிலுவை ஸ்டிக்கர், அதன் கீழே கோவிந்தம்மாள் வைத்த குங்குமப் பொட்டு. அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர் கோவிந்தம்மாள். இன்றைக்கு மாகறல், நாளைக்குத் திருமுக்கூடல் என்று நடவு எங்கேயோ அங்கே வண்டி போகும்.

"இப்ப யாரு வூட்டு வாசல்லயும் நிக்கத் தேவையில்ல பாய்," என்று ஒருமுறை ஆயில் வாங்க வந்தபோது சொன்னார். "நான் ஆரன் அடிச்சா அவங்கவங்க வந்து ஏறிக்கிறாங்க." அதைச் சொல்லும்போது அந்த மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே ஆயிலைக் கொஞ்சம் கூட ஊற்றிக் கொடுக்கலாம்.

நவரைப் பட்டத்து நடவு மும்முரமான நேரத்தில் ரேடியேட்டர் கசிய ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் தரையில் தண்ணீர். ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைத்து வா, அதுவரை வண்டியைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். நடவு முடியட்டும் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. நாற்று பறித்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வயல்காரன் வேன் ரிப்பேர் என்றால் கேட்பானா? வேறு ஊர் ஆட்களை இறக்கிவிடுவான்.

கோவிந்தம்மாள்தான் வழி சொன்னார். அவருடைய அண்ணன் ஒருகாலத்தில் லாரியில் கிளீனராகப் போனவர். ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். லாரிக்காரர்கள் செய்வதுதான். நடுரோட்டில் நின்றுபோன வண்டியை ஷெட்வரை ஓட்டிக்கொண்டு போக அது ஒரு வித்தை. அதை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது.

ஆனால் கசிவு நின்றுவிட்டது. வேன் முழுக்கச் சந்தோஷம். அதற்குப் பிறகு, காலையில் ஏசுதாஸ் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் யாராவது ஒருத்தி வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டு வந்து போட்டாள். ஒருநாள் கோவிந்தம்மாள் ஒரு முழுப் பாக்கெட்டையே கொட்டினார். அவர்களுக்கு அது மருந்துமாயிற்று, மங்கலமுமாயிற்று. இதைக் கேட்டதும் நான் கத்தினேன்.

"உனக்கு அறிவு கீதா இல்லியா தாசு? வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க வண்டி மாதிரி நெனச்சிக்கினு ஆசையா போடுறாங்க பாய். எப்பிடி வேணாம்னு சொல்றது?"

சூடு காட்டும் முள், வண்டியை வாங்கிய நாளிலிருந்தே செத்துக் கிடந்தது.

அன்று அவர் கேட்டு வந்த இரண்டாவது பிளக்கை நான் விற்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக, கடையை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கும் ஷகீலிடம் அழைத்துப் போனேன். ஷகீல் அதிகம் பேச மாட்டான். சீட்டைத் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தான். முதல் ஒயரை எடுத்ததும் என்ஜின் தொய்ந்தது. மாட்டினான். இரண்டாவதை எடுத்தான்; அப்போதும் தொய்ந்தது. மூன்றாவதை எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாததை நிறுத்தினால் என்ன தெரியப்போகிறது?

அந்தப் பிளக்கைக் கழற்றினான். ஈரம். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யச் சொன்னான். தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி வந்தது. மஞ்சள் நிறக் குமிழி. நானும் ஷகீலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏசுதாஸ் மட்டும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்ட கழட்டிப் பாக்கணும்ணா," என்றான் ஷகீல்.

"இன்னாத்துக்கு? லீக்குதான் நின்னு பூட்ச்சே."

"நிக்கலணா. மஞ்சா போயி சந்தெல்லாம் அடச்சிக்கினு கீது. தண்ணி சுத்தல. சூட்ல கேஸ்கெட் எரிஞ்சி, தண்ணி சிலிண்டர்ல எறங்கி பிளக்க கழுவுது. தண்ணில பொறி எப்பிடிணா பத்தும்?"

ஹெட் என்பது என்ஜினின் மேல்மூடி; அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடுதான் கேஸ்கெட். அதோடு போயிருந்தால் நானே இனாமாகக் கொடுத்திருப்பேன். பொழுது சாய்வதற்குள் ஹெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். தண்ணீர் போகும் துவாரங்களில் வண்டலாக மஞ்சள் சேறு. ஹெட் வளைந்திருந்தது. ஷகீல் துணியால் துடைத்துவிட்டு, விரல் நகத்தால் என்ஜின் பிளாக்கின் மேல் ஒரு கோட்டைத் தடவினான். மறுபடியும் தடவினான். விரிசல்.

"ஹெட்டு மட்டும்னா எதுனா பண்லாம்ணா. பிளாக்கும் வெடிச்சிக்கீது. வேற இன்ஜின்தான் வெக்கணும். இந்த வண்டிக்கு வெச்சி இன்னா பண்ணுவ? அடியெல்லாம் துரு. நானா இருந்தா காயலாங்கடைல போட்ருவேன்."

ஏசுதாஸ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். பிறகு முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "லீக் நின்னு பூட்ச்சே," என்று திரும்பவும் சொன்னார், தனக்குத்தானே.

அந்த நேரம் பார்த்து, வேன் வராததால் நடவு முடித்து பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் சேற்றுக் காலோடு பட்டறைக்கு வந்துவிட்டார்கள். ஜெயம்மாள் கழற்றிப் போட்டிருந்த என்ஜினைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கோவிந்தம்மாள்தான் முன்னால் வந்து கேட்டார்.

"இன்னா ஆச்சி தாசு?"

ஷகீல் வாயைத் திறந்தான். "அது வந்து ஆயா, மஞ்சா—"

"பழைய இன்ஜின்மா," என்று ஏசுதாஸ் எழுந்துகொண்டே குறுக்கிட்டார். "வயசாய்டுச்சி. அவ்ளோதான்."

கோவிந்தம்மாள் தலையாட்டினார். "நாங்க மட்டும் மஞ்சா போடலனா இது பொங்கலுக்கு முன்னாடியே பூட்டிருக்கும். இம்மா நாளு தாங்கிச்சே." மற்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி வேனின் கதவைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் மேல் காட்டவும் முடியவில்லை. ஏசுதாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடாதே பாய் என்று கெஞ்சும் பார்வை. நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரவில்லை. பெண்களை வேறு ஊர் மினி லாரி ஏற்றிப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அறுப்பு வரைக்கும் வேறு டிரைவர் வேலை எங்கும் கிடைக்கவில்லை என்று ஷகீல் சொன்னான்.

பெருநகர் நிலக்காரர் வீட்டிலிருந்து டிராக்டருக்கு டீசல் ஃபில்டர் கேட்டு போன் வந்தது. அந்தப் பக்கம் ஒரு மவுத்துக்கு, துக்கம் விசாரிக்கப் போக வேண்டியிருந்ததால் நானே எடுத்துப் போனேன். கேட்டுக்கு வெளியே, வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றிருந்தார். கிட்டே போனதும்தான் ஏசுதாஸ் என்று தெரிந்தது. பேச வாயெடுத்தேன். அதற்குள் நிலக்காரரின் மகன் படியில் வந்து நின்று, "வாங்க பாய், உள்ள வாங்க, டீ சாப்டுங்க," என்றான். அவனுக்கு ஏசுதாஸின் வயதில் பாதிகூட இராது.

பிறகு கையிலிருந்த டிராக்டர் சாவியை வெளியே வீசினான். அந்த வீட்டில் சாவியைக் கையில் கொடுக்கும் வழக்கம் இல்லை. சாவி வாய்க்கால் ஓரத்துச் சகதியில் விழுந்தது. ஏசுதாஸ் குனிந்து எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"வந்துட்டான் பாய்," என்றான் மகன். "எங்க போய்டப் போறான்னு அப்பா அப்பவே சொன்னாரு."

ஏசுதாஸ் என்னிடம் கையை நீட்டினார். "ஃபில்டரக் குடுங்க பாய். நானே மாட்டிக்கிறேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மவுத்து வீட்டிலிருந்து திரும்பி அந்தக் கேட்டைத் தாண்டும்போது பின்னால் டிராக்டர் கிளம்பியது. ஒரு உதறல் இல்லை, ஒரு அடி தப்பவில்லை. சீராக ஓடும் என்ஜினைக் கேட்டால் என் போன்றவனுக்கு மனசு குளிரும். அன்று அந்தச் சத்தம் ஊர் எல்லை தாண்டும்வரை என்னைத் துரத்திக்கொண்டே வந்தது; அது நின்று தொலையக் கூடாதா என்றிருந்தது எனக்கு.